மீடியா ஸ்டோரேஜ் நின்றுவிட்டது

செல்போன் பழுது பார்க்கிறவனுக்கு உடைந்த போன் ஒரு பிரச்சனையே இல்லை. உடையாமல் இருந்துகொண்டு உயிரை வாங்குகிற போன்தான் பிரச்சனை. கண்ணாடி போயிருந்தால் அதை வாடிக்கையாளரும் பார்க்கிறார், நானும் பார்க்கிறேன். புதுசு மாட்டினால் முடிந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே ஏதோ ஒன்று மயங்கிக் கிடக்கும் போனை வைத்துக்கொண்டு, அதன் சொந்தக்காரரிடம் எதைக் காட்டிப் பேசுவது? பெஞ்சில் குனிந்தே கழுத்தெலும்பு தேய்ந்தவர்களே, அடுத்தவர் கோபத்தைச் சம்பளத்துக்கு வாங்கிக்கொள்ளும் ஹெல்ப்லைன்காரர்களே, இந்தக் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

நல்லம்பள்ளி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே என் கடை. பாதி இடத்தில் என் பெஞ்சு, மீதிப் பாதியில் முருகேசனின் ஜெராக்ஸ் மெஷின். என் பெயர் சாதிக். ஊருக்கு வெறும் பாய். ஒரு வருடம் பொங்கல் முடிந்த கையோடு எங்கள் பக்கத்துப் போன்களுக்கு ஒரு சீக்கு வந்தது. ‘மீடியா ஸ்டோரேஜ் நின்றுவிட்டது’ என்று திரையில் ஒரு வரி வரும். அடுத்த நொடி, திறந்திருந்த ஆப் தானாக மூடிக்கொள்ளும்.

போனுக்குள் போட்டோ, பாட்டு, வீடியோ எல்லாவற்றையும் எண்ணிக் கணக்கு வைத்திருக்க மீடியா ஸ்டோரேஜ் என்று ஒரு ஏற்பாடு உண்டு. நம் கண்ணில் படாது. எந்த ஆப் போட்டோவைத் தொட்டாலும் அதைக் கேட்டுத்தான் தொட வேண்டும். அது படுத்துவிட்டால், கேட்கப் போன ஆப்பும் சேர்ந்து படுத்துவிடும். பழி ஆப்பின் மேல் விழும். பிறகு கடைக்காரன் மேல்.

தார்ப்பாய்ப் போட்டோ

முதலில் வந்தவர் மாதேஷ், லாரி டிரைவர். தொப்பூர் இறக்கத்தில் வண்டியை விடுவதற்கு முன்னால் தார்ப்பாய் ஒழுங்காகக் கட்டியிருக்கிறதா என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறது அவருடைய முதலாளியின் ஆப். போட்டோ போகாவிட்டால் வண்டி நகரக்கூடாது. இவர் போட்டோ எடுத்ததும் ஆப் மூடிக்கொள்கிறது. ரோட்டோரம் வண்டியைப் போட்டுவிட்டு, பின்னால் வருகிறவன் ஹாரனையெல்லாம் வாங்கிக்கொண்டு, பதினோரு முறை எடுத்திருக்கிறார்.

செட்டிங்ஸுக்குள் போய் மீடியா ஸ்டோரேஜின் பழைய கணக்கைத் துடைத்துவிட்டு, போனை அணைத்துப் போட்டுக் கொடுத்தேன். ஓடியது. மூன்றாம் நாள் திரும்பி வந்தார். மறுபடி துடைத்தேன். அதற்கும் மூன்றாம் நாள் வந்தார். நாலாவது தடவை வந்தபோது போனைப் பெஞ்சில் வைத்துவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்: “மூணு நாளைக்கு ஒருக்கா வந்து சரி பண்ணிக்கறதுக்குப் பேரு ரிப்பேர் இல்லீங்க பாய், ஷேவிங்.”

எருது கொசுறு

எங்கள் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஸ்கிரீன் கார்டு ஒட்ட வந்தாலும் சரி, சார்ஜர் வாங்க வந்தாலும் சரி, கம்ப்யூட்டரில் ‘நம்ம ஊரு’ என்று நான் வைத்திருக்கும் போல்டரில் இருப்பதை இலவசமாக ஏற்றிக் கொடுப்பேன். கோயில் பண்டிகை, தேர், மேளம், எல்லாம் நானே எடுத்தது. அந்த வருடம் பொங்கலை ஒட்டி வரும் கரிநாளில் எருது விட்டதை இருபத்திரண்டு நிமிஷம் எடுத்திருந்தேன். வாட்ஸப்பில் போகிற நீளமில்லை, அதனால் ஆளாளுக்குக் கடைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். கேட்காதவர்களுக்கும் போட்டுக் கொடுத்தேன். எனக்கு அதில் ஒரு பெருமை, மறைப்பானேன்? போனில் என் வீடியோ ஓடாத வீடு இந்தப் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று நினைத்தேன்.

முருகேசனுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. ஒரு நாள் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்: “காய்க்கடையில கறிவேப்பிலை கொசுறு குடுப்பாங்க, சரி. எருதக் கொசுறு குடுக்கற கடைய நான் இங்கதான் பாக்கறேன் பாய்.”

நாலாயிரம் வணக்கம்

சீக்குக்குக் காரணம் என்ன என்று நான் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டேன். அல்லது கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். பார்வேர்டுகள்தான். ரோஜாப்பூ, சூரிய உதயம், டீ கிளாஸ், அதன்மேல் ‘இனிய காலை வணக்கம்’. இதையெல்லாம் எண்ணி எண்ணித்தான் போன் படுக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் வகுப்பெடுத்தேன். ‘கண்டதையும் ஏத்தி வெச்சா இப்படித்தான்’ என்பது என் வாயில் மந்திரம்போல ஆகிவிட்டது.

ரிட்டயரான ஒரு கிளார்க். பென்ஷனுக்கு முகம் காட்டும் ஆப் திறக்கவில்லை என்று வந்தார். போனில் நாலாயிரத்துச் சொச்சம் காலை வணக்கம் இருந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டு, ‘இனி பறக்கும் பாருங்க’ என்று கொடுத்தேன். அவர் காலியான இடத்தை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். “நாலாயிரம் வாட்டி எனக்கு ஒருத்தர் வணக்கம் சொல்லியிருந்தாங்க தம்பி. அத்தனை பேரையும் ஒரே அழுத்துல வாசலோட அனுப்பிட்டீங்களே.”

ஏரியில் இரண்டு போட்டோ

அடுத்து சுகுணா. எங்கள் கடையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர். புருஷன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. இவர் பன்னிரண்டாவது படித்திருந்ததால் நூறு நாள் வேலையில் பொறுப்பாளராகப் போட்டிருந்தார்கள். ஏரியில் மண் எடுக்கும் முப்பத்திரண்டு பெண்களை வரிசையாக நிறுத்தி, காலையில் ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும். மதியப் போட்டோ ஏறாவிட்டால் அன்றைக்கு வெயிலில் மண் சுமந்த முப்பத்திரண்டு பேரும் வேலைக்கே வரவில்லை என்றாகிவிடும். பொறுப்பாளர் வேலையும் அந்த இரண்டு போட்டோவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

“இந்த வேலைக்கு வந்தப்புறந்தான் பாய் நான் படிச்சிருக்கேன்னே எங்கூர்ல நெனப்பு வந்துச்சு” என்றார். மதியப் போட்டோ எடுக்கும்போது ஆப் மூடிக்கொள்கிறதாம். வழக்கம்போலத் துடைத்துக் கொடுத்து, வழக்கம்போல வகுப்பும் எடுத்தேன். பையன் விளையாட்டு ஏற்றியிருப்பான், பார்வேர்டு குவிந்திருக்கும், நீங்கள் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன்.  அவர் போனை வாங்கிக்கொண்டு சொன்னார்: “முப்பத்திரெண்டு பேரு என் மூஞ்சியப் பாத்துட்டு நிக்கறாங்க. நான் உங்க மூஞ்சியப் பாத்துட்டு நிக்கறேன் பாய்.”

பிறந்த நாள்

துடைத்தது இரண்டு நாள்தான் தாங்கியது. அடுத்த தடவை சுகுணா வந்தபோது, இனிப் பெரிய வைத்தியம்தான் என்று ரீசெட் அடிக்க முடிவு செய்தேன். போன், கம்பெனியிலிருந்து வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிடும். ஆனால் எங்கள் கடையில் ரீசெட் அடித்தால் யாருக்கும் எதுவும் காணாமல் போகாது. முதலில் போனில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துக்கொள்வேன். ரீசெட் முடிந்ததும் ஒன்று விடாமல் திரும்ப ஏற்றிக் கொடுப்பேன். தர்மபுரியில் பெரிய கடைகளில்கூட இவ்வளவு பொறுமையாகச் செய்ய மாட்டார்கள் என்று சுகுணாவிடம் சொல்லியும் காட்டினேன்.

மறுநாள் காலைப் போட்டோ ஏறிவிட்டது என்று போன் பண்ணிச் சொன்னார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். மதியம் இரண்டரைக்கு மறுபடி போன் பண்ணினார். அழுதார். அதற்கடுத்த இரண்டு நாளும் ஏறவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த முருகேசன் சொன்னார்: “ரீசெட்டுன்னா பொறந்த அன்னிக்கு இருந்த மாதிரி ஆயிரும்னீங்க. இது சீக்கோடவே பொறந்துருக்குதாட்டம் இருக்குதே பாய்.”

ஒரு வார்த்தை

மூன்று நாள் வேலை வெற்றாகப் போனதும் பெண்கள் ஒன்றிய ஆபீஸ் அதிகாரியிடம் போய்விட்டார்கள். அவர் விசாரிக்கிறேன் என்று அவர்களில் ஏழெட்டுப் பேரையும் சுகுணாவையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கே வந்தார். அது சந்தை நாள். கடை வாசலில் வேறு வாடிக்கையாளர்களும் நின்றிருந்தார்கள். “நீங்கதான் பாத்தீங்களாமே. போன் கோளாறா, ஆள் கோளாறா? ஒரே வார்த்தையில சொல்லுங்க” என்றார்.

போன் கோளாறு என்றால், ‘பிறகு ஏன் உன்னால் சரி பண்ண முடியவில்லை’ என்ற கேள்வி வரும். அதை அத்தனை பேர் முன்னால் யாரும் என்னைக் கேட்டுவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அந்த நேரத்தில் எனக்கு இருந்த யோசனை. எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. நான் சொன்னது வேறு. “போன்ல ஒண்ணும் இல்லீங்க சார். கண்டதையும் ஏத்தி வெச்சிருக்காங்க. வெச்சிருக்கறவங்க ஒழுங்கா வெச்சிருந்தா ஓடும்.”

சுகுணா என்னைப் பார்த்தார். போனை முந்தானையில் துடைத்து, இடுப்புப் பர்ஸில் வைத்துக்கொண்டார். அந்த வாரமே அவரை எடுத்துவிட்டு வேறொரு பெண்ணைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். வந்திருந்தவர்களில் வாய்க்காரம்மா ஒருவர் படியிறங்கிக்கொண்டே சொன்னது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது: “பாயே சொல்லிட்டாரு. இனி என்னடி பேச்சு?”

சித்தேரிப் போன்

அதன் பிறகு ஒரு மாதம் இருக்கும். சித்தேரி மலையிலிருந்து வெள்ளையன் என்பவர் வந்தார். மகளை நல்லம்பள்ளியில் கொடுத்திருக்கிறார். பொங்கலுக்கு மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது என் கடையில்தான் பழைய போன் ஒன்று வாங்கிக்கொண்டு போனார். இப்போது போட்டோ பார்க்கத் திறந்தால் மூடிக்கொள்கிறதாம். விடியற்காலை மலையிலிருந்து பஸ் ஏறி, அரூரில் ஒரு பஸ், தர்மபுரியில் ஒரு பஸ் மாறி வந்திருந்தார். சாமை மூட்டையைப் படம் பிடித்து வியாபாரியிடம் காட்டுவதற்கும், பேத்தியின் படத்தைப் பார்ப்பதற்கும்தான் அவருக்குப் போன்.

வாயில் மந்திரம் தயாராக இருந்தது. திறந்து பார்த்தேன். ஆடு, சாமை மூட்டை, பேத்தி என்று பதினோரு போட்டோ. பார்வேர்டு ஒன்றுகூட இல்லை. பாட்டு இல்லை. விளையாட்டு இல்லை. ஒரே ஒரு வீடியோ இருந்தது. இருபத்திரண்டு நிமிஷம்.

ஒன்றை உங்களிடமும் சொல்லாமல் விட்டுவிட்டேன். கரிநாள் அன்றைக்கு எருது கூட்டத்துக்குள் பாய்ந்தபோது நான் வரப்பில் தாவி விழுந்தேன். போன் கல்லில் அடிபட்டு அணைந்துபோனது. எடுத்த வீடியோ முடியாமலே நின்றுவிட்டதால் திறக்கவே இல்லை. விட மனசில்லாமல் ஏதோ ஓர் இலவச சாப்ட்வேரைப் போட்டு ஒட்டவைத்து ஓடவிட்டேன். படம் ஓடியது. வால் பக்கம் மட்டும் மூடாமலே கிடந்தது. போனுக்குள் எண்ணிக் கணக்கு வைக்கும் ஏற்பாடு இந்த வீடியோவின் நீளத்தை எண்ணப் போய், முடிவைக் காணாமல் விழுந்திருக்கிறது. என் போன் விலை கூடியது, அதனால் அது தாண்டிப் போய்விட்டது. விலை குறைந்த போன்கள் தாங்கவில்லை. துடைத்தால் சரியாகும், திரும்ப எண்ணத் தொடங்கி எருதுக்கு வந்ததும் விழும். சுகுணாவின் போனை ரீசெட் அடித்து, பொறுமையாக, ஒன்று விடாமல், நானே அதைத் திரும்ப ஏற்றினேன்.

வீடியோவை அழித்துவிட்டுப் போனைப் போட்டேன். பத்து முறை திறந்தேன், பத்து முறையும் திறந்தது.  நான் தப்பிக்க இன்னும் ஏதாவது வழி இருக்குமா என்று பார்த்து, வேறு யாராவது இதில் எதையாவது ஏற்றினார்களா என அவரிடமே கேட்டேன். வெள்ளையன் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: “எங்கூர்ல டவரே கெடையாதுங்க. உள்ள இருக்கறது பூராவும் நீங்க போட்டுக் குடுத்ததுதானுங்க.”

வெள்ளைத்தாள்

எனக்குத் தைரியம் கம்மி. சுகுணாவிடம் போவதைவிட ஒன்றிய ஆபீஸுக்குப் போவது சுலபமாக இருந்தது. வெள்ளைத்தாளில் எழுதினேன். தவறு பொறுப்பாளருடையது அல்ல, நான் ஏற்றிக் கொடுத்த வீடியோவினால் போன் நின்றது, அன்று நான் சொன்னது தவறு, அவரை மீண்டும் பணியில் அமர்த்த வேண்டுகிறேன். முருகேசனே இரண்டு காப்பி எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு அவர் கிண்டல் பண்ணவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

அங்கே இந்த வேலைக் கணக்கைப் பார்ப்பவர் தாளை இரண்டு தடவை படித்தார். கெட்டவர் இல்லை, எனக்கு நாற்காலிகூடப் போட்டார். கம்ப்யூட்டரில் எதையோ திறந்து, பொறுப்பாளரை மாற்றுவதற்கான காரணங்கள் இருக்கும் பட்டியலை மேலிருந்து கீழ்வரை எனக்கும் காட்டினார். பிறகு தாளை மடித்து என் பக்கமே தள்ளினார். “கடைக்காரர் எருது ஏத்திட்டாருன்னு எழுதறதுக்கு இதுல கட்டம் இல்லீங்களே பாய். அந்த எடத்துக்கு வேற புள்ளையும் வந்துருச்சு.”

ஏரிக்குள்

மறுநாள் ஏரிக்குப் போனேன். சுகுணா பாண்டுச் சட்டியில் மண் சுமந்துகொண்டிருந்தார். எந்தப் பெண்களை வரிசையில் நிறுத்திப் போட்டோ எடுத்தாரோ, அதே பெண்களின் வரிசையில் இப்போது அவரும் ஒருவர். மதியப் போட்டோ நேரம். புதிதாக வந்த பெண் போனும் கையுமாக எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் சுகுணாவைக் கரையோரம் தனியாகக் கூப்பிட்டு மெதுவாக ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. “அத்தன பேரு முன்னாடி சொன்னீங்களே பாய். இத மட்டும் எதுக்குத் தனியாச் சொல்றீங்க?” என்றார்.

சொன்னேன். முப்பத்திரண்டு பேருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். சுகுணா மேல் தப்பில்லை, தப்பு என்னுடையது, உங்கள் மூன்று நாளும் என்னால்தான் போனது என்றேன். யாராவது என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்படியானால் சுகுணாவையே திரும்பப் போடச் சொல்லலாம் என்று ஒருவராவது சொல்வார்கள் என்றும் எதிர்பார்த்தேன். கடைப் படியிறங்கிப் போன அதே வாய்க்காரம்மா, “அப்ப அந்த எருது வீடியோவ அழிச்சுப்போடணுமா? அதுல ஓடறது எங்க கொழுந்தன் மாடுங்க பாய்” என்றார். நாலு பேர் சிரித்தார்கள். வெயிலாக இருந்தது, போட்டோ எடுத்துவிட்டால் ஒரு வேலை முடியும் என்று எல்லாரும் வரிசைக்குப் போய்விட்டார்கள்.

புதுப் பெண் தன் போனைப் பயத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் ஸ்கிரீன் கார்டு ஒட்டியது நான்தான். “மொதல்ல இந்தப் புள்ள போன்ல இருக்கறத எடுத்துவுடுங்க. இன்னிக்கிப் போட்டோ நின்னுபோச்சுன்னா நாளைக்கு இவளும் எங்கூட மண்ணுதான் சொமக்கணும்” என்றார் சுகுணா. எடுத்துவிட்டேன். போட்டோ ஏறியது. வரிசை கலைந்தது.

நான் கிளம்பும்போது, தவறு போனில்தான் இருந்தது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, இனி யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள் என்று ஏதோ சமாதானம் சொன்னேன். சுகுணா பாண்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: “போன் நின்னுதான் போச்சுங்க பாய். என்னைய எடுத்தது நீங்க சொன்ன வார்த்தை.”

இப்போதெல்லாம் திரையில் ‘மீடியா ஸ்டோரேஜ் நின்றுவிட்டது’ என்ற அந்த ஒரு வரியோடு யார் வந்து நின்றாலும் போனைக் கையில் வாங்கும் முன்பே குறையைச் சொல்லிவிடுகிறேன். ஊரெல்லாம் அதைப் பரப்பியவனே நான்தான் என்பதால், இந்தச் சீக்குக்கு நல்லம்பள்ளி வட்டாரத்தில் என்னைவிட்டால் வேறு நிபுணர் கிடையாது.